அதிர்ஷ்டம் என்கிற பொய்க்கணக்கு

(அம்பேத்கர் பிறந்த நாளையொட்டி மாணவர் விடுதி ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னை அழைத்த தோழர், ‘கவிதை வாசிச்சாலும் சரிண்ணே, அனுபவத்தச் சொன்னாலும் சரி’ என்றார். இந்த ஏப்ரல் வெக்கையில் ரெண்டு மின்விசிறிக்குக் கீழே இத்தனை பேர் நெருங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். இதில் கவிதை வேறு எதற்கு? ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அதிர்ஷ்டம் என்பது அந்தச் சொல்.

போன மாதம் எங்கள் கிளையில் ஒருவருக்குப் பணி ஓய்வு விழா. வடை, காபி, சால்வை எல்லாம் முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து கவுண்டரில் உட்காரும் நண்பர் என் தோளில் கை போட்டு, ‘உனக்கென்னப்பா, அதிர்ஷ்டக்காரன். பொறக்கும்போதே சீட்டு விழுந்துருச்சு’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் சிரித்தேனே, அதுதான் அன்றைக்கு ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை.

அந்த நண்பர் மோசமானவர் இல்லை. என் பையனுக்குக் காய்ச்சல் என்று ஓடினால் என் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர். அவருடைய தாத்தா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அப்பா ஹைஸ்கூல் வாத்தியார். அவர் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு இங்கிலீஷ் பேப்பர் வந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் அவர் அதிர்ஷ்டம் என்று சொல்வதில்லை. நல்ல குடும்பம் என்பார், வளர்ப்பு என்பார், திறமை என்பார். மூணு தலைமுறையாக அவர்களுக்கு வந்துகொண்டிருப்பது திறமை. முதல் தலைமுறையாக எனக்கு வந்தது மட்டும் அதிர்ஷ்டம். இது எந்த ஊர் நியாயம் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. அதனால்தான் இங்கே வந்து உங்களிடம் சொல்கிறேன்.

நாம் தினமும் புழங்கும் இந்தச் சொல் வடமொழியிலிருந்து வந்தது. திருஷ்டம் என்றால் காணப்பட்டது. அதிருஷ்டம் என்றால் காணப்படாதது. போன பிறவியில் செய்த வினை, கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்து இந்தப் பிறவியில் பலன் கொடுக்கிறதாம். அந்தக் கண்ணுக்குத் தெரியாத சங்கதிக்கு வைதிகத் தத்துவம் வைத்த பெயர் அது. ஆக, நம்மைச் சேரியில் வைத்ததற்குச் சொல்லப்பட்ட கர்மாவும், லாட்டரிக் கடை போர்டில் எழுதியிருந்த அதிர்ஷ்டமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். காணப்படாதது என்கிறார்கள். நான் கேட்கிறேன், யாருக்குக் காணப்படாதது?

பேங்கில் சேர்ந்ததும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் ஒன்று உண்டு. வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது. எந்தக் கணக்கிலிருந்து எடுத்தது, எந்தக் கணக்கில் வைத்தது, யார் கையெழுத்துப் போட்டது, எல்லாம் இருக்க வேண்டும். சில சமயம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒரு தொகை நிற்கும். அதைத் தற்காலிகமாக ஒரு கணக்கில் போட்டு வைப்போம். சஸ்பென்ஸ் கணக்கு என்று பெயர். ஆனால் ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பார். ‘இது என்ன, யாருது, எத்தனை நாளா இங்க கிடக்கு?’ என்பார். இந்தச் சாதிச் சமூகம் தன் கணக்கையெல்லாம் அதிர்ஷ்டம் என்கிற சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு ஆயிரக்கணக்கான வருஷமாக மூடி வைத்திருக்கிறது. இன்றைக்கு நாம் கொஞ்ச நேரம் ஆடிட்டர் வேலை பார்ப்போம்.

முதலில் என் வீட்டுக் கணக்கு.

எங்கப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். வாரக்கூலியில் தவறாமல் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார். தமிழ்நாட்டில் அரசே 1968இல் பரிசுச் சீட்டைத் தொடங்கியது, ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று விளம்பரமும் செய்தது. அப்பாவின் சீட்டு கடைசிவரை நாட்டுக்குத்தான் விழுந்தது. அது போகட்டும். முடிவு பேப்பரில் வரும். பேப்பர் ஊர்த் தெரு டீக்கடையில் இருக்கும். அந்தக் கடையில் பெஞ்சு இருந்தது, அது எங்களுக்கு இல்லை. டம்ளர் இருந்தது, எங்களுக்குத் தனி டம்ளர். அப்பா கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் குந்தியிருப்பார். உள்ளே இருக்கிறவர்கள் படித்து முடித்து, பேப்பர் பக்கம் பக்கமாகப் பிரிந்து, கடைசியில் எண்ணெய்க் கறையோடு ஒரு தாள் வெளியே வரும். சில நாள் வராது. ‘ஐயா, கடைசி நம்பர் என்னங்கையா?’ என்று இங்கிருந்தே கேட்பார். உள்ளேயிருந்து எவனாவது ஒரு பொடியன், அப்பாவைவிட முப்பது வயசு சின்னவன், ‘உனக்கு இல்லடா’ என்பான். நம்பரைப் பார்க்காமலே சொல்வான்.

சின்னப் பையனாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு இது புரியவில்லை. இப்போது புரிகிறது. சீட்டு விழாதது அதிர்ஷ்டமில்லாததுதான், லட்சம் பேருக்கு விழவில்லை. பெஞ்சில் உட்கார முடியாமல் போனது அதிர்ஷ்டமில்லாதது இல்லை. அதற்கு ஆள் இருக்கிறது, பேர் இருக்கிறது, விதி இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டி அப்பா தலையில் வைத்துவிட்டார்கள். அவரும் மூட்டையோடு மூட்டையாகச் சுமந்தார். ‘நமக்கு ராசி இல்லப்பா’ என்பார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்.

இந்த வித்தியாசத்தை எனக்குத் தெளிவாகக் காட்டியது பாபாசாகேப் எழுதிய ஒரு பயணம். அவருடைய நினைவுக் குறிப்புகள் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற பெயரில் 1990இல் சிறு நூலாக வந்தன. நீங்கள் எல்லோரும் படிக்க வேண்டிய புத்தகம். 1901ஆம் வருஷம். அவருக்கு ஒன்பது வயசு. அப்பா வேறு ஊரில், கோரேகாவில், காசாளர் வேலையில் இருக்கிறார். கோடை விடுமுறைக்கு வரச்சொல்லிக் கடிதம் போடுகிறார். அண்ணன், அக்கா பிள்ளைகளோடு இவர் சாத்தாராவிலிருந்து கிளம்புகிறார். புதுச்சட்டை, பட்டுக்கரை வேட்டி, ஜரிகைத் தொப்பி. முதல் ரயில் பயணம். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப் போக யாரும் வரவில்லை. என்ன நடந்தது என்றால், இவர்கள் வருகிறோம் என்று எழுதிய கடிதத்தை வேலைக்காரர் அப்பாவிடம் கொடுக்க மறந்துவிட்டார்.

இது அதிர்ஷ்டமின்மை. ஒத்துக்கொள்கிறேன். கடிதம் தவறுவது யாருக்கும் நடக்கும்.

அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். நல்ல துணி உடுத்திய பிள்ளைகள் என்று பரிவோடு விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போகிறார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஒருவர் சம்மதிக்கிறார். ரெட்டைக் கூலி, அதோடு பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். கையில் சாப்பாடு நிறைய இருக்கிறது, தண்ணீர் இல்லை. ராத்திரி சுங்கச்சாவடியில் போய், தன்னை முஸ்லிம் என்று சொல்லி, உருதுவில் பேசித் தண்ணீர் கேட்கிறார் அந்த ஒன்பது வயசுப் பிள்ளை. கிடைக்கவில்லை. சோற்றுக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பசியோடு தூங்குகிறார்கள்.

இதே கடிதம் வேறொரு சாதிப் பிள்ளைக்குத் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் தண்ணீர் கொடுத்திருப்பார், வண்டி பிடித்து ஏற்றியிருப்பார். பிற்பாடு குடும்பத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதையாகியிருக்கும். கடிதம் தவறியது தற்செயல். தாகம் தற்செயல் இல்லை. அது முன்கூட்டியே போடப்பட்ட ஏற்பாடு. தற்செயல் வருகிறவரை அந்த ஏற்பாடு மறைந்து நிற்கிறது, வந்ததும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

பேங்க் வேலையில் எல்.எஃப்.சி. என்று ஒரு வசதி உண்டு, ஊர் சுற்ற டிக்கெட் காசு கொடுப்பார்கள். எங்கள் ஆபீசில் காசிக்குப் போவார்கள், கோவாவுக்குப் போவார்கள். நான் ஒரு முறை மசூருக்குப் போனேன். ‘அங்க என்ன சார் கோயிலு?’ என்று கேட்டார்கள். ஒரு கோயிலும் இல்லை, தண்ணி குடிக்கப் போறேன் என்றேன். சின்ன ஸ்டேஷன். பிளாட்பாரக் குழாயைத் திறந்து வயிறு முட்டக் குடித்தேன். யாரும் என்னை என்ன ஆளு என்று கேட்கவில்லை. அந்தத் தண்ணீர் எனக்குச் சும்மா வரவில்லை என்பதைக் குழாயடியில் நின்றபோது உணர்ந்தேன். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் எழுந்து, பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றைப் பயன்படுத்தவும் எங்கள் மக்களுக்குத் தடை கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச்சில் மகாத் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள், திரும்பும்போது அடி வாங்கினார்கள். அதுதான் அந்தக் குழாய்த் தண்ணீருக்கு வவுச்சர்.

அம்பேத்கரையும் அதிர்ஷ்டக்காரர் என்கிறவர்கள் உண்டு. பரோடா மன்னர் உதவித்தொகை கொடுத்தார், 1913இல் அமெரிக்கா போனார், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார், எத்தனை பேருக்கு இப்படிக் கிடைக்கும் என்பார்கள். சரி, அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அதிர்ஷ்டம் எதுவரை கூட வந்தது? 1917இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பி வருகிறார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பேரை மாற்றிச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியே போ என்கிறது. கடல் தாண்டி நியூயார்க் வரைக்கும் போன அதிர்ஷ்டம், சொந்த நாட்டில் ஒரு ரூம் வரைக்கும் வரவில்லை.

எனக்கு முதல் போஸ்டிங் வேறு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பேங்க் வேலை என்றதும் வீட்டுக்காரர்கள் முகம் மலரும். உட்காரச் சொல்வார்கள், காபி வரும். பிறகு கேள்வி வரும். சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, வெளியவா? குலதெய்வம் எது? அசைவம் சாப்பிடுவீங்களா? நாலாவது கேள்வியில் கணக்கு முடிந்துவிடும். ஒன்பது வீடு பார்த்தேன். ஒருத்தர்கூட ‘உன் சாதிக்குத் தர மாட்டேன்’ என்று சொல்லவில்லை. நாகரிகமானவர்கள். ஒன்பதாவது வீட்டில் ஒரு பெரியவர் சொன்னார், ‘அடடா, இப்பத்தான் தம்பி இன்னொருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாரு. உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்ல.’ மூணு மாசம் கழித்தும் அந்த வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 1917இல் தடி எடுத்துவந்து சொன்னதை இப்போது அதிர்ஷ்டத்தைக் காட்டிச் சொல்கிறார்கள்.

பயணம் என்றேன். நமக்குப் பயணம் என்றால் பஸ்தான். பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொள்ளும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கும். அதனாலேயே ஆதிக்க சாதிகளுக்குப் பஸ் மேல் ஒரு தீராத கோபம் இருந்திருக்கிறது. 1995இல் தென்மாவட்டக் கலவரம் ஒரு பஸ் டிரைவருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் நடந்த தகராறில்தான் கிளம்பியது. அது வளர்ந்து ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. வெளிநாட்டில் உழைத்து வாங்கி வந்த பொருளை உடைத்தார்கள், பாஸ்போர்ட்டையும் சர்டிபிகேட்டையும் அழித்தார்கள். எதை அழித்தார்கள் என்று கவனியுங்கள். இந்த ஊரைவிட்டு வெளியே போக வழி செய்கிற காகிதங்களை அழித்தார்கள்.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு, கலவரம், சாவு. அரசு என்ன செய்தது தெரியுமா? எல்லாப் போக்குவரத்துக் கழகத்திலிருந்தும் எல்லா மாவட்டத்திலிருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டது. நம் பேர் ஒன்றோடு சமமாக உட்காருவதைவிட, எல்லாப் பேரும் போனால் போகட்டும் என்பதற்கு அரசு தலையாட்டியது. இன்றைக்குப் பஸ்ஸில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று மட்டும் எழுதியிருக்கிறதே, அந்த வெறும் எழுத்துக்குப் பின்னாடி இந்தக் கதை இருக்கிறது.

அதே 1997, ஜூன் 30. மேலவளவு. இட ஒதுக்கீட்டில் அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் பதவி நமக்கு வந்தது. ‘நம்ம ஊருக்குப் போயி இப்பிடி விழுந்துருச்சே’ என்றுதான் இப்படிப்பட்ட ஊர்களில் ஆதிக்க சாதிக்காரர்கள் பேசுவார்கள், ஏதோ குலுக்கலில் விழுந்த மாதிரி. தலைவரான முருகேசன் மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிவந்தார். பஸ்ஸை நிறுத்தினார்கள். முருகேசனையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள்.

பழைய கதை என்பீர்களா? 2025 மார்ச். தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம். பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவன். உங்களைவிடச் சின்னப் பையன். பஸ்ஸை மறித்து, இறக்கி, வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். பரீட்சை எழுதப் போகிற கை, தோழர்களே. இதையும் கெட்ட நேரம் என்று சொல்ல நம் ஊரில் ஆள் இருக்கிறது. ‘அந்தப் பஸ்ஸுல போவாம இருந்திருந்தா...’ என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். அந்தப் பஸ் இல்லையென்றால் அடுத்த பஸ். காத்திருந்தவர்கள் பஸ் நம்பருக்காகக் காத்திருக்கவில்லை.

சரி, என் ஆபீஸ் நண்பர் சொன்ன சீட்டுக்கு வருவோம். அது எப்படி விழுந்தது? 1928இல் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையில் 12 இடத்தில் ஒரு இடம் நமக்கு. 1932இல் இரட்டை வாக்குரிமையோடு தனித்தொகுதி கையில் வந்தது. காந்தி உண்ணாவிரதம் இருந்தார், செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம், தனித்தொகுதி போய் ஒதுக்கீட்டுத் தொகுதி வந்தது. ஒதுக்கீடு என்பது நாம் பெற்ற சலுகை என்கிறார்கள். அது நாம் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக எழுதித் தரப்பட்ட பத்திரம். 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினரான அம்பேத்கர் நம் குறைகளை எழுதி அரசுக்குக் கொடுத்தார். 1943இல் மத்திய அரசு வேலையில் 8.33 சதவீதம் வந்தது. 1946இல் 12.5 ஆனது. 1970இல் 15 ஆனது. 1969 ஜூலையில் 14 பேங்குகளை அரசுடைமை ஆக்கினார்கள், அதற்குப் பிறகுதான் பேங்க் கதவு நமக்குத் திறந்தது. இன்றைக்கும் தனியார் பேங்கில் நமக்கென்று ஒரு நாற்காலிகூட எழுதி வைக்கப்படவில்லை. என் வேலைக்கு ரோஸ்டர் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது, அதற்குப் பின்னாடி இத்தனை வருஷத்துக் கையெழுத்து இருக்கிறது. இதில் குலுக்கல் எங்கே இருக்கிறது? நீங்கள் வாங்குகிற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் பிறந்த வருஷம் உண்டு, 1944. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காலர்ஷிப் வாங்க ஆபீஸ் வராந்தாவில் நிற்கும்போது, ‘ஓசிப் பணம்’ என்று எவனாவது சொன்னால் வருஷத்தைச் சொல்லுங்கள்.

இதுவரை மற்றவர்கள் கணக்கைத்தான் பார்த்தேன். என் கணக்கைப் பார்க்காமல் போனால் நானும் பொய்க்கணக்குக்காரன்தான்.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தினார்கள். அப்பாவின் சீட்டு நின்றது. அந்த வருஷம் மே மாதம் எங்கள் காலனிக்கு ஒரு ஏஜண்ட் வந்தார். பத்தாவது முடித்த பெண் பிள்ளைகளை நூல் மில்லுக்கு அனுப்புங்கள், மூணு வருஷம் உள்ளேயே தங்கி வேலை பார்த்தால் கடைசியில் முப்பதாயிரம், கல்யாணச் செலவுக்கு ஆச்சு என்றார். ‘வீடு தேடி வர்ற லட்சுமிய வேணாம்னு சொல்லாதீங்க’ என்றார். எங்க அக்கா பத்தாவதில் எங்கள் பள்ளியிலேயே இரண்டாவது. அக்காதான் போனாள். ராத்திரி ஷிப்ட், பஞ்சுத் தூசி, வருஷத்துக்கு ரெண்டு தடவை வீடு. மூணு வருஷம் முடிந்து இருமலோடு வந்தாள். முப்பதாயிரம் வந்தது. அந்த வருஷம் நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். அந்தப் பணம் அவள் கழுத்துக்குப் போகவில்லை. என் கல்லூரிக்குப் போனது. ஸ்காலர்ஷிப் வருஷக் கடைசியில்தான் வரும், ஹாஸ்டல் கட்டணம் ஜூனிலேயே கட்ட வேண்டும், உங்களுக்கே தெரியும்.

வேலை கிடைத்த அன்று ஊரே என்னை அதிர்ஷ்டக்காரன் என்றது. நான் ஒரு கவிதைகூட எழுதினேன், எப்படி நான் தனியாளாய் எரிந்து வெளிச்சமானேன் என்று. பத்திரிகையில் வந்தது. அதில் அக்கா இல்லை. மேல்சாதிக்காரன் தன் தாத்தாவின் நிலத்தை மறைத்துவிட்டுத் திறமை என்கிறான். நான் என் அக்காவின் மூணு வருஷத்தை மறைத்துவிட்டு அதிர்ஷ்டம் என்றேன், போராட்டம் என்றேன். நம் வீடுகளில் படித்து மேலே வந்த ஒவ்வொரு ஆணுக்குப் பின்னாடியும் ஒரு பெண்ணின் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்குகிறது. இதைப் பேசாத விடுதலை என்ன விடுதலை? தங்கைகள் பக்கம் பார்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் இங்கே வந்திருப்பது எங்கள் பெருந்தன்மை இல்லை. கொடுக்க வேண்டிய பாக்கி.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2016 ஜனவரி 17. அய்தராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வேமுலா தன் உயிரை விட்டார். கடைசிக் கடிதத்தில் தன் பிறப்பை ஒரு விபத்து என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லோடு நான் பல ராத்திரி சண்டை போட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு அவரைத் தனியாக்கிவிட்டார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் ரோகித் தம்பியிடம் எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது, சொல்ல முடியாமல் போனது. அதை உங்களிடம் சொல்கிறேன். நீ பிறந்தது விபத்து இல்லை. உன் பிறப்பில் ஒரு குறையும் இல்லை. உனக்கு நடந்தவை சிலர் தெரிந்தே செய்தவை, பேர் உள்ளவை, சட்டப் பிரிவு உள்ளவை. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. உங்களில் யாருக்காவது ராத்திரி இந்த விடுதி அறையில் ‘எல்லாம் என் விதி’ என்று தோன்றினால், தனியாகப் படுக்காதீர்கள். பக்கத்துக் கட்டில்காரனை எழுப்புங்கள். என்னைக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் வருவேன். விதி என்று தோன்றியதை ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசினால், அதில் பாதி ஒரு வாத்தியாரின் பெயராக, ஒரு ஆபீஸரின் பெயராக மாறிவிடும். பெயர் தெரிந்தால் எதிர்த்து நிற்கலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். உங்கள் துறையில் எத்தனை இடம் நமக்கு, எத்தனை நிரப்பினார்கள், எத்தனை காலியாகக் கிடக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று காலி இடம் கிடந்தால் அது தானாகக் கிடக்கவில்லை, யாரோ கையெழுத்துப் போட்டுத்தான் கிடக்கிறது. வேலைக்குப் போனவர்கள் வீட்டில் யாருடைய படிப்பு நின்றது என்று பார்த்து, அவர்கள் பிள்ளைக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள். தர்மம் என்று கொடுக்காதீர்கள், கடனை அடைக்கிறோம் என்று கொடுங்கள்.

அக்காவின் மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். போன வாரம் அவளுக்குப் பணம் கட்ட அக்கா பேங்குக்கு வந்திருந்தாள். சலானை நிரப்பிக்கொண்டே நான் மெதுவாக, ‘அக்கா, அந்த முப்பதாயிரம் இல்லேன்னா நான் இந்தச் சீட்டுல இல்ல’ என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். ‘போடா, அது என் தலையெழுத்து’ என்றாள். சலானைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினேன். ‘தலையெழுத்து இல்லக்கா, அது உன் கையெழுத்து’ என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த தடவை அந்த நண்பர் என்னை அதிர்ஷ்டக்காரன் என்றால், நான் சிரிக்கப் போவதில்லை. உட்கார வைத்து இந்தக் கணக்கு முழுவதையும் சொல்லப் போகிறேன். நேரமாகும். பரவாயில்லை, ரெண்டு பேரும் ஓய்வு பெற இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது.

ஜெய்பீம்.